வாடகைக்கு வீடு பாக்க போறீங்களா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னால இத படிச்சிருங்க

நாகர்கோவில்ல 11 வருசத்துல 4 வாடக வீடு மாறியாச்சு. எம் புருசன் கல்ஃப்ல இருக்கறதால வீடு பாக்குறது, பேசுறது, சாமான் ஏத்தி எறக்குறது எல்லாமே நாந்தான், கூட எங்கண்ணன் வருவான், அவன் வயர்மேன். போன மாசம் சொந்தத்துல ஒரு தங்கச்சி கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போறா, அக்கா வீடு பாக்கும்போது எதெல்லாம் பாக்கணும்னு கேட்டா, அவளுக்கு ஃபோன்ல சொல்லச் சொல்ல முக்கா மணி நேரம் ஆயிருச்சு. அதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். சொந்த வீட்டுல இருக்கவங்களும் மழைக்கு முன்னால ஒருதடவ இதெல்லாம் பாத்துக்கிட்டா நல்லதுதான்.

எங்க ரெண்டாவது வீட்ட நாங்க பாத்தது பங்குனி மாசம். புதுசா பெயிண்ட் அடிச்சு, தரையில டைல்ஸ் பளபளன்னு, அடுக்களையில கிரானைட்டு மேடை, எனக்கு பாத்த ஒடனே புடிச்சுப் போச்சு. செவத்த தொட போனேன், பெயிண்ட் காயல மக்ளே கை வைக்காதன்னு ஓனர் சொன்னாரு, நானும் கைய எடுத்துட்டேன். இடவப்பாதி மழ, அதான் ஜூன் மழ, ஆரம்பிச்சு மூணாவது வாரம், பிள்ளையோட யூனிஃபார்ம்ல ஒரு மக்குன நாத்தம் வருது, என்னடான்னு பீரோவ இழுத்துப் பாத்தா பின்னால தரையில இருந்து என் இடுப்பு வரைக்கும் கறுப்பு கறுப்பா பூசணம். அந்த செவத்தோரம்தான் என் சின்னவ கட்டில். ராத்திரி ஆனா இருமல், வீசிங், ஆஸ்பத்திரிக்கு போனா டாக்டர் கேட்ட மொத கேள்வியே வீட்டுல ஈரம் இருக்கான்னுதான். அந்த வீட்ட மாத்துற வரைக்கும் இன்ஹேலர் பைய விட்டு எறங்கல. அன்னைக்கு அந்த செவத்துல நான் கை வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அதனால இப்ப புதுப் பெயிண்ட் அடிச்ச வீட்ட பாத்தா எனக்கு மொதல்ல வாற நெனப்பு, இதுக்கு கீழ என்ன இருக்குங்கறதுதான்.

போகும்போது ஒரு பையில நல்ல டார்ச், இஞ்ச் டேப், ஒரு சின்ன மரக்குச்சி, டெஸ்டர், ஒரு துண்டு பிளாஸ்டிக் கவரு, செல்லோ டேப்பு, இவ்வளவும் எடுத்துட்டு போங்க. முடிஞ்சா மழ பெய்யுற அன்னைக்கு இல்லன்னா மழ பெஞ்ச மறுநாள் போங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழ, ஐப்பசி கார்த்திகையிலயும் மழ, ரெண்டு பருவமும் நமக்கு இருக்கறதால மெட்ராஸ்ல இருக்கவன் சொல்ற ஐடியா எல்லாம் நமக்கு பத்தாது, இங்க செவரு காயுறதுக்கே வருசத்துல கொஞ்ச நாள்தான் கெடைக்கும்.

செவரும் மேல்தளமும்

ஈரம் எந்த எடத்துல இருக்குன்னு பாத்தாலே எதுனால வருதுன்னு பாதி தெரிஞ்சிரும். தரையில இருந்து மூணடி வரைக்கும் பட்டையா பெயிண்ட் உப்பி, வெள்ளையா உப்பு பூத்து, விரல் வச்சா மாவு மாதிரி உதிருதுன்னா அது மண்ணுல இருந்து செவரு உறிஞ்சுற ஈரம், பேஸ்மட்டத்துல ஈரம் ஏறாம தடுக்குற லேயர் போடாம விட்டிருப்பாங்க, இல்ல வெளிய முத்தத்த மண்ணடிச்சு ஒசத்தி வீடு பள்ளத்துல போயிருக்கும். இதுக்கு எத்தன கோட் பெயிண்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்கு திரும்ப வரும். ஜன்னலுக்கு கீழ மட்டும் ஈரம்னா சன்ஷேடு இல்ல ஜன்னல் கட்டையில தண்ணி நிக்கும், சின்ன வேலதான். பாத்ரூமுக்கு அந்தப் பக்கத்து செவத்துல திட்டா இருந்தா உள்ள பைப்பு லீக்கு. மேல சீலிங்ல மஞ்சளா வட்டம் வட்டமா கறை இருந்தா மொட்டமாடியில தண்ணி தேங்குது.

சந்தேகமா இருந்தா அந்த பிளாஸ்டிக் கவர ஒரு முழத்துக்கு வெட்டி செவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டிட்டு, ஒரு நாள் கழிச்சு வந்து பாக்கறேன்னு ஓனர்ட்ட சொல்லிட்டு வாங்க. மறுநாள் கவருக்கு உள்பக்கம், அதாவது செவத்த ஒட்டி தண்ணி முத்து முத்தா இருந்தா ஈரம் செவத்துக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமா இருந்தா அது ரூமுக்குள்ள இருக்க காத்தோட ஈரம், ஜன்னல தெறந்து வச்சு ஃபேன போட்டா கொறையும். காசு செலவில்லாத டெஸ்ட் இது, ஆனா இதுக்கு சம்மதிக்காத ஓனர் வீடு எனக்கு வேண்டாம்னு நான் முடிவே பண்ணிட்டேன்.

குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலோரமா வீடு பாக்குறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். பழைய வீடுகள்ல கடக்கரை மண்ண கலந்து பூசியிருந்தா அந்த உப்பு காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், உள்ள கம்பியும் துருப்புடிக்கும். மணவாளக்குறிச்சி பக்கத்து கருமணல்ல மோனசைட்டு இருக்கு, அதுல தோரியம் இருக்கறதால அந்த கடற்கரை முழுக்க இயற்கையாவே கதிர்வீச்சு மத்த ஊரவிட கூட இருக்கற எடம். அங்க குடியிருக்கறவங்கள பயமுறுத்த இத சொல்லல, அந்த மண்ண வீட்டு வேலைக்கு, முத்தம் நெரப்ப, பிள்ளைங்க வெளையாட குவிச்சு வைக்க எதுக்கும் எடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

காங்கிரீட் வார்ப்பு வீடா இருந்தா டார்ச்ச சீலிங்ல நேரா அடிக்காம செவத்தோரமா சாய்ச்சு அடிங்க, அப்பதான் உப்பலு, வெடிப்பு எல்லாம் நெழலா தெரியும். மரக்குச்சியால தட்டிப் பாருங்க, டங்குன்னு கேட்டா நல்லது, டொப்புன்னு பொள்ளலா கேட்டா பூச்சு கம்பிய விட்டு பிரிஞ்சிருச்சு, எப்ப வேணும்னாலும் விழும், அதுக்கு கீழ கட்டிலோ தொட்டிலோ போட்றாதீங்க. துருக்கறை கோடு கோடா இருந்தாலும் அதே கததான். செவத்துல தலமுடி மாதிரி இருக்க வெடிப்பு பெரும்பாலும் பூச்சு வெடிப்பு, விட்ருங்க. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா படி மாதிரி போற வெடிப்பு, செவத்துக்கு ரெண்டு பக்கமும் தெரியுற வெடிப்பு, 5 மில்லிமீட்டருக்கு மேல வாய் பொளந்த வெடிப்பு, இதெல்லாம் இருந்தா இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டாம குடிபோகாதீங்க. ஏற்கனவே குடியிருக்கற வீட்டுல வெடிப்பு இருந்தா அதோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதிய எழுதி வைங்க, மூணு மாசம் கழிச்சு கோட்ட தாண்டி போயிருந்தா வெடிப்பு உசுரோட இருக்குன்னு அர்த்தம்.

குலசேகரம், அருமனை பக்கம் ஓட்டு வீடு, வெட்டுகல் செவரு இன்னும் நெறய இருக்கு. ஓட்டு வீடு சூடு தெரியாம நல்லாத்தான் இருக்கும், ஆனா பட்டியல் மரம், உத்தரம் முட்டுற எடத்துல டார்ச் அடிச்சு கரையான் மண்ணு கோடு போகுதான்னு பாருங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட வீடுன்னா நீங்களா அதுல ஓட்ட போடவோ அறுக்கவோ செய்யாதீங்க, அந்த தூசி நுரையீரல்ல போய் தங்கிரும், எந்த வகை ஆஸ்பெஸ்டாஸா இருந்தாலும் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல பாத்த எவருக்கும் ஷீட்டு எப்பிடி பறக்கும், மரம் எப்பிடி விழும்னு சொல்ல வேண்டியதில்ல. வீட்டு மேல சாஞ்சு நிக்குற தென்னை, ரப்பர், அயினி மரம் இருந்தா யாரு வெட்டணும்னு அட்வான்சுக்கு முன்னாலயே பேசிக்கிடுங்க, பக்கத்து பொரையடத்து (வீட்டுத்தோட்டத்து) மரம்னா ஓனரத்தான் பேச சொல்லணும், குடியிருக்க வந்த நம்ம போய் பேசுனா சண்டையிலதான் முடியும்.

பழைய பெயிண்ட் பத்தியும் ஒரு வார்த்த. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக்கூடாதுன்னு 2016ல மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு, 2017 நவம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கு முன்னால கதவு, ஜன்னல் கம்பியில அடிச்ச பெயிண்ட் செதில் செதிலா உரிஞ்சு கெடந்தா, தவழுற பிள்ள இருக்க வீட்டுல அத சும்மா விடாதீங்க, வாயில போட்ரும். காஞ்சபடி சொரண்டாம ஈரத்துணி போட்டு நனச்சு சொரண்டி, புதுசா அடிக்க சொல்லுங்க.

பள்ளமா மேடா

2021 நவம்பர்ல பெஞ்ச மழையில நம்ம மாவட்டத்துல எங்கெல்லாம் தண்ணி ஏறுச்சுன்னு ஊர்க்காரங்களுக்கு தெரியும், ஓனர்ட்ட கேட்டா தெரியாது. தெருமுக்குல பெட்டிக்கட வச்சிருக்க அக்காட்ட ஒரு சோடா வாங்கிக் குடிச்சுட்டு கேளுங்க, எந்த வீட்டுல எத்தன படி முங்குச்சுன்னு வரைக்கும் சொல்லுவாங்க. பக்கத்து மதில்ல மண்ணு கலர்ல ஒரே மட்டமா கோடு தெரிஞ்சா அதுதான் தண்ணி நின்ன ஒசரம். வயல மண்ணடிச்சு நெரப்புன மனை, குளம் நெறஞ்சு மறுகால் போற வழி, பழையாறு, வள்ளியாறு, குழித்துறை தாமிரபரணி கரையோரம், இதுலெல்லாம் வீடு பாத்தா தரமட்டம் ரோட்டவிட எவ்வளவு ஒசரம்னு டேப்ப போட்டு அளங்க.

கிணறும் செப்டிக் டேங்கும்

எல்லாத்தவிட இதத்தான் நிறுத்தி நெதானமா பாக்கணும்னு நான் சொல்லுவேன். டவுனுல பைப்பு தண்ணி வந்தாலும் நம்ம பக்கம் பாதி வீட்டுக்கு கிணறுதான் ஆதாரம். செப்டிக் டேங்க்ல இருந்து தண்ணி மண்ணுல எறங்குற குழி குடிதண்ணி கிணத்துல இருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கணும்னு விதி சொல்லுது, கிட்டத்தட்ட 60 அடி. இப்ப கணக்கு போடுங்க. அஞ்சு சென்ட்டுன்னா 2178 சதுர அடி, சதுரமா இருந்தா ஒரு பக்கம் 46, 47 அடிதான் வரும். வீட்டையும் கட்டி அந்த அஞ்சு சென்ட்டுக்குள்ளயே கிணறும் குழியும் 60 அடி தள்ளி வைக்கறது நடக்காத காரியம். நம்ம குழி தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் குழி நம்ம மதில ஒட்டி, நம்ம கிணத்துக்கு பத்தடியில இருக்கும். அதனால நாலு பக்கமும் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்கணும், கூச்சப்படாதீங்க, அந்த தண்ணிய குடிக்கப் போறது நம்ம பிள்ளைங்க.

ஓனர்ட்ட இன்னொரு கேள்வி கேளுங்க, கீழ காங்கிரீட் போட்டு ரெண்டு அறையா கட்டுன டேங்கா, இல்ல உறை இறக்குன குழியான்னு. ரெண்டையும் செப்டிக் டேங்க்னுதான் சொல்லுவாங்க. உறைக்குழிக்கு அடிப்பக்கம் கிடையாது, எல்லாம் நேரா மண்ணுக்குள்ள போகுது, கிணத்துல தண்ணிமட்டம் ஒசர்ற மழக்காலத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா கலந்துரும். மழக்காலத்துல மட்டும் பிள்ளைக்கு அடிக்கடி வயித்துப்போக்கு, மஞ்சக்காமாலைன்னு ஒரு வீட்டுல இருந்தா நான் மொதல்ல கேக்குறது குழி எங்கன்னுதான்.

தூரம் பத்தலன்னா என்ன செய்ய, எல்லாருக்கும் வேற வீடு பாக்க வசதி இருக்காதே. மொதல்ல தண்ணிய டெஸ்ட் குடுங்க, குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நம்ம மாவட்டத்துலயே ஆய்வகம் இருக்கு. ரிப்போர்ட்டுல உப்பு, கடினத்தன்மை எல்லாம் பாத்து மெரளாதீங்க, ஈ கோலைங்கற கிருமி இருக்கான்னு பாருங்க, 100 மில்லி தண்ணியில அது ஒண்ணுகூட இருக்கக்கூடாது, இருந்தா மலம் கலக்குதுன்னு அர்த்தம். அப்பிடி இருந்தா குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் நல்லா கொதிக்க வச்ச தண்ணி மட்டும்தான், வெறும் சூடு பண்ணா போதாது, கொப்பளிச்சு கொதிக்கணும்.

கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போடுறத பல பேரு கைக்கு வந்தபடி அள்ளி வீசுறாங்க, அது தப்பு. 1000 லிட்டர் தண்ணிக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம். கிணத்துல எத்தன லிட்டர்னு கண்டுபிடிக்க, கிணத்து விட்டத்த மீட்டர்ல அளந்து அத அதாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 3.14ஆல பெருக்கி, நாலால வகுங்க, வாறத 1000ஆல பெருக்குனா லிட்டர். எங்க இப்பத்த வீட்டு கிணறு 2 மீட்டர் விட்டம், தண்ணி 3 மீட்டர், அப்ப 9420 லிட்டர், பவுடர் 24 கிராம் போதும், நம்ம வீட்டு டீஸ்பூன்ல அளக்காம மளிகக்கட தராசுல நிறுத்து வாங்கி வச்சுக்கிடுங்க. பவுடர ஒரு வாளியில கொஞ்சமா தண்ணி விட்டு கொழச்சு, பெறகு முக்கா வாளி தண்ணி ஊத்தி கலக்கி பத்து நிமிசம் அப்பிடியே விடுங்க. சுண்ணாம்பு அடியில படியும், அத கிணத்துல ஊத்தக்கூடாது. மேல தெளிஞ்சத வேற வாளிக்கு மாத்தி, கயிறு கட்டி கிணத்துக்குள்ள எறக்கி மேலயும் கீழயும் நல்லா அலசணும். ராத்திரி செஞ்சா காலையில எடுக்கலாம், கொறஞ்சது ஒரு மணி நேரமாவது விடணும். தண்ணி கலங்கி இருந்தா இது வேல செய்யாது, வெள்ளம் வந்து போன கிணத்த மொதல்ல எறச்சு சுத்தம் பண்ணிட்டுதான் போடணும்.

செப்டிக் டேங்க் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருதடவ எடுக்கணும், கடைசியா எப்ப எடுத்தாங்கன்னு கேளுங்க. லாரியில மெஷின் வச்சு உறிஞ்சுறது மட்டும்தான். ஆள உள்ள எறக்குறத 2013ல வந்த சட்டம் தடை செஞ்சிருக்கு, உள்ள இருக்க விஷவாயு ரெண்டு மூச்சுல ஆள சாய்ச்சிரும், காப்பாத்த எறங்குற அடுத்த ஆளும் சேந்து போறதத்தான் நம்ம திரும்ப திரும்ப பேப்பர்ல படிக்கிறோம். ஓனர் சொன்னாலும் சரி, காசு கொறையும்னாலும் சரி, ஒருத்தரையும் எறங்க விடாதீங்க. மூடி ஒடஞ்சு பலக போட்டு வச்சிருந்தா குடிவாறதுக்கு முன்னாலயே ஸ்லாப் போட சொல்லுங்க. காத்துக்குழாய் வாயில கொசுவலை கட்டணும், ராத்திரி கடிக்குற கொசு பாதி அங்க இருந்துதான் வருது.

கிணத்துக்கு கைப்பிடிச்செவரும் மேல கம்பிவலை மூடியும் இல்லன்னா சின்னப் பிள்ள இருக்க குடும்பம் அந்த வீட்ட யோசிக்கவே வேண்டாம்.

கரண்டு

இது எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது. மெயின் போர்ட தெறந்து பாருங்க. சின்ன சின்னதா வரிசையா இருக்கறது எம்சிபி, லோடு கூடுனா, ஷார்ட் ஆனா விழும், அது வயர காப்பாத்தும், ஆள காப்பாத்தாது. ஆள காப்பாத்துறது ஆர்சிசிபி, நம்ம ஆளுங்க ஈஎல்சிபின்னு சொல்லுவாங்க. போற கரண்டும் திரும்பி வாற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும், வித்தியாசம் வந்தா எங்கயோ யாரு ஒடம்பு வழியாவோ கசியுதுன்னு கண்ணிமைக்குற நேரத்துல ஆஃப் ஆகும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கணும், 100, 300ன்னு இருந்தா தீ விபத்துக்கு ஒதவும், ஆளுக்கு ஒதவாது. அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், கரண்டு இருக்கும்போது அமுக்குனா டப்புன்னு விழணும். விழலன்னா அது செத்துப்போன பொம்மதான். நாங்க மூணாவது வீட்டுல அமுக்கிப் பாத்தப்ப அது விழல, ஓனர் அதுக்கு முன்னால அந்த பட்டன தொட்டதே இல்லையாம், நல்ல மனுசன், மறுநாளே மாத்திக் குடுத்தாரு. குடிபோன பெறகும் மாசத்துக்கு ஒருதடவ அமுக்குங்க, மழக்காலத்துல மறக்கவே மறக்காதீங்க.

எர்த் சரியா இருக்கான்னு வயர்மேன வச்சு பாக்கணும், நீங்களா பல்ப வச்சு பாக்காதீங்க. ஃபிரிட்ஜ தொட்டா, பாத்ரூம் பைப்ப தொட்டா ஜிவ்வுன்னு இழுத்தா எர்த் போயிருச்சு, அன்னைக்கே ஆள கூப்பிடுங்க, செருப்பு போட்டுக்கிட்டா சரியாயிரும்னு பழகிக்கிடாதீங்க. கடலோரத்துல எர்த் பைப்பு துருப்புடிச்சு சீக்கிரம் போகும். ஏசிக்கும் கீசருக்கும் போர்டுல இருந்து தனித்தனி லைன், தனி எம்சிபி வேணும். பக்கெட்ல போடுற ஹீட்டர் ராட நான் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்.

வெளிய வந்து மேல பாருங்க. சர்வீஸ் வயர்ல தென்ன ஓல ஒரசுதா, ஷீட்டு மேல ஒட்டிக்கிட்டு போகுதா, பெறகு துணி காயப்போட என்ன கட்டியிருக்காங்க. சர்வீஸ் வயர் பைப்புல இருந்து கொடிக்கம்பி இழுத்து கட்டியிருந்தா அத மொத வேலயா அவுத்துப் போட்டு நைலான் கயிறு கட்டுங்க. வயர் எங்கயாவது உரிஞ்சு அந்த கம்பியில பட்டா, ஈரத்துணி போட போற பொம்பளதான் சாவா, மழக்காலத்துல இது நம்ம தமிழ்நாட்டுல நடந்துக்கிட்டேதான் இருக்கு. லைன்ல பிரச்சனன்னா மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறி எறங்குனா வயர்மேன் பாக்குறதுக்கு முன்னால மெயின போடாதீங்க.

அடுக்களையும் பாத்ரூமும்

கேஸ் காத்தவிட கனம், லீக் ஆனா தரையிலதான் தேங்கும், அதனால அடுக்களையில மேல ஜன்னல் மட்டும் பத்தாது, கதவுக்கு கீழயோ செவத்துக்கு கீழயோ காத்து போக வழி இருக்கணும். சிலிண்டர் தரையில நிமிந்து நிக்கணும், அடுப்பு அதவிட ஒசரமா மேடை மேல இருக்கணும். டியூப்புல தேதி அச்சடிச்சிருப்பாங்க, அஞ்சு வருசத்துக்கு மேல வச்சிருக்காதீங்க. சிலிண்டர் கழுத்துல ஆங்கில எழுத்து ஒண்ணும் வருசமும் இருக்கும், A-ன்னா மார்ச் வரைக்கும், B-ன்னா ஜூன், C-ன்னா செப்டம்பர், D-ன்னா டிசம்பர், அந்த தேதி தாண்டுன சிலிண்டர வாங்காம திருப்பி அனுப்புங்க. நாத்தம் வந்தா சுவிட்ச போடவும் வேண்டாம் ஆஃப் பண்ணவும் வேண்டாம், ரெகுலேட்டர மூடி, கதவ தெறந்து, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து அப்புறமா கேஸ் அவசர நம்பர் 1906க்கு அடிங்க. கேஸ்ல ஓடுற கீசர் பாத்ரூமுக்கு உள்ள மாட்டியிருந்தா அந்த வீட்டுல அத போடவே கூடாது, கதவ மூடிட்டு குளிக்கும்போது மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேந்து ஆள தூங்க வச்ச மாதிரி கொன்னுரும். கரண்டு போன நாள்ல ஜெனரேட்டர வராந்தாவுல வச்சு ஓட்டுறதும் இதே ஆபத்துதான், வெளிய, ஜன்னலவிட்டு தள்ளி வைக்கணும்.

ரூம் அளவு, ஜன்னல் அளவுக்கும் விதி இருக்கு. தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 பிரகாரம் ஆள் படுக்குற ரூம் ஒண்ணாவது கொறஞ்சது 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடி, அகலம் 8 அடிக்கு கொறையக்கூடாது, ஒசரம் 9 அடி. நம்மள மாதிரி சூடும் ஈரமும் சேந்த ஊருக்கு ஜன்னல் தெறப்பு தர அளவுல ஆறுல ஒரு பங்கு. பத்துக்கு பத்து ரூம்னா நாலுக்கு நாலேகால் அடி ஜன்னல் ஒண்ணு. ஒரு வீட்ட ரெண்டா தடுத்து வாடகைக்கு விடும்போது உள்ள மாட்டுற ரூமுக்கு ஜன்னலே இல்லாம போயிரும், அதுல பிள்ளைங்கள படுக்கப் போடாதீங்க. மாடிப்படி ஏழரை இஞ்சுக்கு மேல ஒசரமா இருந்தா வயசானவங்களுக்கு கஷ்டம், கால் வைக்குற எடம் 10 இஞ்சு வேணும். மொட்டமாடி கைப்பிடிச்செவரு ஒரு மீட்டராவது இருக்கணும், கம்பி இடைவெளி 4 இஞ்சுக்கு மேல இருந்தா வலை கட்டுங்க.

கொசு

சிரட்டைய, அதாவது ரப்பர் பால் புடிக்க மரத்துல மாட்டுற கொட்டாங்குச்சிய சொல்லாம நம்ம மாவட்டத்துல டெங்கு பத்தி பேச முடியாது. ரப்பர் தோட்டத்த ஒட்டி வீடுன்னா, வெட்டு நிறுத்துன மழக்காலத்துல மரத்துல மாட்டியிருக்க சிரட்டையில எல்லாம் தண்ணி நிக்கும், டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டையிடும், ஏழுல இருந்து பத்து நாளுக்குள்ள கொசுவா பறந்துரும், பகல்ல கடிக்கும். தோட்டக்காரர்ட்ட சிரட்டைய கவுத்து வைக்க சொல்லுங்க, கேக்கலன்னா ஊராட்சி சுகாதார ஆளுட்ட சொல்லுங்க, அதுக்குன்னு வீடுவீடா வாறவங்க இருக்காங்க. நம்ம வீட்டுல சின்டெக்ஸ் மூடி, சன்ஷேடு மேல, ஃபிரிட்ஜுக்கு பின்னால இருக்க தட்டு, இது மூணும் வாரத்துக்கு ஒருநாள். தேங்குன தண்ணியில நடந்த பெறகு காய்ச்சல், கெண்டக்கால் வலி வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், மாத்திர வாங்கி போட்டு நாள் கடத்தாம டாக்டர்ட்ட போய் தண்ணியில நடந்தத சொல்லுங்க.

பேப்பர்ல எழுதுறது

இவ்வளவு பாத்துட்டு வாயால பேசி முடிச்சா பிரயோஜனம் இல்ல. தமிழ்நாட்டுல வாடகை சட்டம் 2017ல போட்டு 2019 பிப்ரவரி 22ல இருந்து நடப்புல இருக்கு, வாடக ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. யாரு எந்த ரிப்பேர் பாக்கணும்னும் அதுலயே பட்டியல் இருக்கு. கட்டடத்தோட அடிப்படை ரிப்பேர், வெள்ளையடிக்கறது, தண்ணி பைப்பு மாத்துறது, வயரிங் இதெல்லாம் ஓனர். டேப் வாஷர், சுவிட்சு, அடைப்பு எடுக்கறது, ஜன்னல் கண்ணாடி இந்த மாதிரி சின்னது நம்ம. அப்ப செவத்து ஈரமும் எர்த்தும் ஓனர் வேல, நீங்க தயவு கேக்கல, உள்ளதத்தான் கேக்குறீங்க. நம்ம பக்கம் ஒத்திக்கு எடுக்குற பழக்கம் நெறய, பெருந்தொகைய மொத்தமா குடுத்துட்டா அப்புறம் ஓனருக்கு ரிப்பேர் பாக்க அவசரம் இருக்காது, அதனால ஒத்திக்கு போறவங்க குறைய எல்லாம் சரி பண்ணி முடிச்ச பெறகுதான் பணத்த கைமாத்தணும்.

நான் செய்யுறது, சாவி வாங்குற அன்னைக்கு ஒவ்வொரு ரூமா செவரு, சீலிங், போர்டு, டேங்க் மூடி, கிணறு எல்லாத்தையும் வீடியோ எடுத்து அங்கேயே நின்னு ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருவேன், கீழ என்ன குறைன்னு எழுதி எந்த தேதிக்குள்ள சரி பண்றேன்னு அவரு சொன்னத டைப் பண்ணி, சரிதானண்ணன்னு கேட்டு பதில் வாங்கிருவேன். மரியாதையா கேட்டா முக்காவாசி பேரு செஞ்சு தாராங்க.

கடைசியா, பகல்ல பாத்த வீட்ட ராத்திரி ஏழு மணிக்கு ஒருதடவ போய் பாருங்க. கொசு எப்பிடி, ரோட்டு லைட்டு எரியுதா, வோல்ட்டேஜ் விழுதா, மேல்வீட்டுல குளிச்சா உங்க சீலிங்ல சொட்டுதா எல்லாம் அப்பதான் தெரியும். போனதும் பூட்டி வச்சிருந்த ரூம் கதவ தெறந்து, லைட்டு போடுறதுக்கு முன்னால வாசல்ல நின்னு மூச்ச ஒருதடவ நல்லா உள்ள இழுங்க, ஈரவீடு அங்கேயே மணம் காட்டிக் குடுத்துரும்.